பள்ளிக்கூடப் படங்களில் கேமரா யார் பக்கம்?

படத்தொகுப்பு எனக்குத் தொழில். நேரம் கிடைக்கும்போது பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரைப்பட ரசனை வகுப்பும் எடுக்கிறேன். பிடித்த படம் எது என்று கேட்டால், யாராவது ஒருவர் அமெரிக்க ஹைஸ்கூல் படம் ஒன்றைச் சொல்லிவிடுவார். பெற்றோருக்கு இந்தப் படங்கள்மேல் பெரிய கவலை இல்லை. கெட்ட வார்த்தை வருகிறதா, முத்தக் காட்சி வருகிறதா என்று பார்ப்பதோடு சரி. எனக்குக் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் படங்களில் வசனம் ஒன்று சொல்லும். கேமராவும் உடையும் வேறொன்று சொல்லும். பிள்ளைகள் மனதில் தங்குவது பெரும்பாலும் பின்னது.

பள்ளியின் 'பெரிய' கோஷ்டி நடைக்கூடத்தில் நடந்து வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் படங்களில் அது கிட்டத்தட்ட சம்பிரதாயம். நொடிக்கு 48 ஃபிரேம் (அசையாப் படம்) எடுத்து 24-ஆக ஓட்டினால் இரண்டு நொடி நடை நான்கு நொடியாக நீளும். தூரத்தில் நின்று நீளமான லென்ஸில் எடுப்பார்கள். நடந்து வருகிறவர்கள் நெருங்காமல் மிதப்பதுபோல் தெரியும். பின்னால் நிற்கும் பிள்ளைகள் வெறும் வண்ணக் கறைகளாக மங்கிப்போவார்கள். அப்புறம் எங்கள் வேலை. நடுநடுவே, ஓரத்தில் நிற்கும் யாரோ ஒருவர் திரும்பிப் பார்க்கும் முகத்தை அரை நொடி செருகுவோம். வகுப்பில் அந்த முகங்களை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு அதே காட்சியை மறுபடி போட்டுக் காட்டுவேன். மூன்று பெண்கள் வகுப்புக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அந்தக் கோஷ்டியின் மகிமை முழுக்க அந்த அரை நொடி முகங்களில் இருந்தது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

2004-இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' (Mean Girls) இந்தச் சம்பிரதாயத்தைக் கேலி செய்யும் படம். பெருமையாக நடந்துவரும் நாயகி கேடியைக் குப்பைத் தொட்டிக்குள் விழ வைக்கிறது. ரோசலின்ட் வைஸ்மன் பெற்றோருக்காக எழுதிய வழிகாட்டி நூலிலிருந்துதான் டினா ஃபே இதன் திரைக்கதையை எழுதினார். பெண்பிள்ளைகளின் கோஷ்டிச் சண்டை எப்படிக் காயப்படுத்தும் என்று எச்சரிக்க வந்த நூல் அது. படத்தில் உடையை வைத்து எழுதிய காட்சிகள் கூர்மையானவை. கோஷ்டித் தலைவி ரெஜினாவை அவமானப்படுத்த அவள் பனியனில் மார்புப் பக்கம் இரண்டு ஓட்டை வெட்டி வைக்கிறார்கள். அவள் அசராமல் அதையே போட்டுக்கொண்டு நடக்கிறாள். அடுத்து மற்ற பெண்களும் ஓட்டை போட்ட பனியனோடு வருகிறார்கள். பிறகு அவள் உடம்பு பருத்து, வேறெதுவும் பொருந்தாமல் தொளதொள பேண்ட்டில் வரும் நாளில், அவள் கோஷ்டியின் விதியைச் சொல்லியே அவளைச் சாப்பாட்டு மேசையிலிருந்து விரட்டுகிறார்கள். கடைசியில் கேடி நடன விழா மேடை ஏறுவது கணிதப் போட்டி அணியின் உடையில். கிரீடத்தை உடைத்து எல்லோருக்கும் பங்கு போடுகிறாள்.

சரி, இத்தனையும் படத்தில் இருக்கிறது. ஆனால் இருபது வருடம் கழித்தும் ரசிகர்கள் கொண்டாடுவது எதை? புதன்கிழமை இளஞ்சிவப்பு உடுத்த வேண்டும் என்ற, படம் நையாண்டி செய்த அந்த விதியைத்தான். கிண்டலுக்காக எடுத்தாலும் வெளிச்சமும் வண்ணமும் அந்தக் கோஷ்டிக்கே வாரி வழங்கப்பட்டிருக்கின்றன. அதே படத்தின் உணவுக்கூடக் காட்சியில் மற்ற மாணவர்களுக்கு ஆளுக்கொரு பெயர்கூடக் கிடையாது. மேசைக்கொரு ஷாட், மேசைக்கொரு பட்டப்பெயர். அந்தப் பட்டப்பெயர்களில் சில இனத்தைச் சுட்டுபவை என்பதைச் சிரிப்புச் சத்தத்தில் பலரும் கவனிப்பதில்லை.

உடைக்கலைஞர்கள்மேல் பழி போட்டுப் பயனில்லை. திரையில் இரண்டு நொடி வரும் ஆளைப் பார்வையாளர் சட்டென்று அடையாளம் காண வேண்டும் என்பது அவர்களுக்கிருக்கும் நெருக்கடி. அதை அறிவோடு கையாண்டவர்களும் உண்டு. 'ஹெதர்ஸ்' படத்தில் ஹெதர் என்றே பெயருள்ள மூன்று பெண்களுக்கும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என ஆளுக்கொரு நிறம். நாயகி வெரோனிகாவுக்கு நீலம். தலைவியின் சிவப்புத் தலைமுடிப் பட்டை கை மாறும்போதெல்லாம் அதிகாரமும் கை மாறுகிறது. அதிகாரம் என்பது கழற்றி மாட்டக்கூடிய துணி என்று அந்தப் படத்துக்குத் தெரியும்.

என்னை இன்றும் உறுத்துவது 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985). ஜான் ஹியூஸ் இயக்கியது. சனிக்கிழமை தண்டனைக்காக நூலகத்தில் அடைபட்ட ஐந்து பேர். தொடக்கத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பவர்கள், பின்பாதியில் தரையில் ஒன்றாக அமர்ந்து மனம்விட்டுப் பேசுகிறார்கள். பட்டப்பெயருக்குள் அடங்குகிறவர்கள் நாங்கள் இல்லை என்பதுதான் படத்தின் வாதம். அதைச் சொல்லி முடித்த கையோடு, கறுப்பு உடையில் முடியை முகத்தில் விட்டுக்கொண்டிருந்த ஆலிசனை, பணக்காரப் பெண் கிளேர் கூட்டிப்போய் கண்மையைத் துடைத்து, வெளிர் உடையும் தலைப்பட்டையுமாக வெளியே அனுப்புகிறாள். அப்போதுதான் மல்யுத்த வீரன் ஆண்ட்ரூ அவளை வாய்பிளந்து பார்க்கிறான். அத்தனை நேரம் அவளோடு பேசியவன்! இரண்டு ஜோடிகள் சேர்ந்துவிடுகின்றன. உடையும் மாறாமல் ஜோடியும் கிடைக்காமல் மிஞ்சிய படிப்பாளிப் பையன் பிரையன், எல்லோருக்குமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறான். தயவுசெய்து யாராவது அந்தப் பையனுக்கு ஒரு நல்ல சட்டை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்வேன்: வயது. 'கிரீஸ்' படம் எடுத்தபோது பள்ளி மாணவியாக நடித்த ஸ்டாக்கார்ட் சானிங்குக்கு 33 வயது. ஒலிவியா நியூட்டன் ஜானுக்கு 28. 'மீன் கேர்ள்ஸ்' வெளியானபோது ரெஜினாவாக நடித்த ரேச்சல் மக்ஆடம்ஸுக்கு 25. வளர்ந்து முடிந்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த துணி, ஷாட்டுக்கு ஷாட் சரிசெய்த முடி, முகத்தைப் பளிச்சென்று காட்டும் விளக்கு. பருவோடும் நீளம் போதாத யூனிஃபார்ம் பேண்ட்டோடும் கண்ணாடி முன் நிற்கும் பதினான்கு வயதுக்காரர் இதோடுதான் தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறார். நம் ஊர்ப் பள்ளிகளில் யூனிஃபார்ம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதனால் ஷூ பிராண்ட், வாட்ச், தலைமுடி வெட்டு, சட்டைக் கையை எத்தனை மடிப்பு மடிக்கிறார்கள் என்பவற்றின் தலையில் யார் 'பெரிய' ஆள் என்று காட்டும் வேலை விழுகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. இப்படி ஒரு படத்தைப் போட்டு, பத்து நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். யாருக்குத் தனி ஃபிரேம் கிடைக்கிறது, யார் கூட்டத்தில் ஒருவராகவே வந்துபோகிறார், யார் நடந்தால் கேமராவும் கூடவே நகர்கிறது என்று கேளுங்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

மாற்றாக ஒரு படம் கேட்டால் 'எய்த் கிரேட்' (2018) சொல்வேன். நடிக்கும்போது நாயகி எல்ஸி ஃபிஷருக்கு உண்மையிலேயே 14 வயதுதான். முகத்துப் பருவை மறைக்கவில்லை. நீச்சல்குள விருந்துக் காட்சியில் பச்சை நீச்சலுடையில் கூனிக் குறுகி அவள் நடக்க, கேமரா அவள் பதற்றத்தோடு சேர்ந்து நகர்கிறது. அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்று. 17 வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையோடுதான் தியேட்டரில் பார்க்க முடியும். 'மீன் கேர்ள்ஸ்' பெற்றது அதைவிடத் தளர்வான 'பிஜி-13'. அதனால் முதலில் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். காரில் நடக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. அதற்குப் பின் படத்தைச் சற்று நிறுத்திப் பேச வேண்டியிருக்கும்.