அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்

இந்த வாரமும் அதே கோரிக்கை வந்துவிட்டது. மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அம்மா கேட்டார்: "நாங்க சொன்னா கேக்க மாட்டா. அந்தக் கூட்டத்துக்குப் போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டர்."

அந்தக் கூட்டம் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மனநல வார்டில் இருந்துவிட்டு வந்த சிலர் வாரம் ஒருமுறை ஓர் அறையில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். மருத்துவர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது. அம்மாவுக்குப் பிரச்சினையே அதுதான். "எல்லாரும் இவளை மாதிரியே ஆளுங்க. ஒருத்தரை ஒருத்தர் கெடுத்துக்க மாட்டாங்களா?"

நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். மருந்து எழுதிப் பிழைக்கிறவன்தான் நான். மருந்துக்கு எதிரி இல்லை. இருந்தும் ஏன் சொல்ல மாட்டேன் என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக விளக்கி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

"ஒன்று கூடினால் மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்." எல்லாப் பயத்துக்கும் அடியில் இருக்கும் பயம் இது. குடும்பத்தாரை விடுங்கள், என் சக மருத்துவர்களே இதைச் சொல்கிறார்கள். அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள்? வீட்டில், தனியாக, யாருக்கும் தெரியாமல். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து துப்புகிறார்கள். பாதியை உடைத்துக் குப்பையில் போடுகிறார்கள். அப்படி நிறுத்திவிட்டு என்னிடம் வந்து சேர்பவர்களில் பெரும்பாலோர் எந்தக் குழுவையும் எட்டிப் பார்த்ததே இல்லை. காரணம் கேளுங்கள், கொட்டிவிடுவார்கள்: உடம்பு ஏறிப்போச்சு, காலையில் எழவே முடியவில்லை, எச்சில் வழிகிறது, உடலுறவில் நாட்டம் போய்விட்டது, அழுகையும் வரவில்லை சிரிப்பும் வரவில்லை. சரி, இதை முன்பு பார்த்த டாக்டரிடம் சொன்னீர்களா என்றால், "சொன்னேன், டோஸை ஏத்திட்டாங்க" என்கிறார்கள். ஃபைலைப் புரட்டினால் 'நோயுணர்வு இல்லை', அதாவது தனக்கு நோய் இருப்பதே இவருக்குத் தெரியவில்லை, என்று ஒரு வரி இருக்கும். எங்கள் துறையில் அந்த வரியை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கப்புறம் அவர் எதைப் பற்றிப் புகார் சொன்னாலும் அதுவே நோயின் அறிகுறி ஆகிவிடும். வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று அவர் முடிவு செய்தால் யாரைக் குறை சொல்வது?

குழுவில் வாயைத் திறக்கிறார்கள். மனநிலை ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும் லித்தியம் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திய ஒருவர், அடுத்த சில வாரங்களில் தூக்கம் போய், வேலை போய், சேமிப்பு மொத்தமும் போய், மறுபடி வார்டுக்குள் விழுந்த கதையைச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர், டாக்டரோடு சண்டை போட்டு, ஒத்துக்கொள்ள வைத்து, மாதக்கணக்கில் மெதுவாகக் குறைத்ததைச் சொல்வார். மூன்றாமவர் "எனக்கு மாத்திரை வேணும், அது இல்லாம என்னால முடியாது" என்பார். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். நான் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், அங்கே கேட்டதை என்னிடமே வந்து திருப்பிக் கேட்கிறார்கள்: "குறைக்கறதா இருந்தா எப்படிக் குறைக்கணும் டாக்டர்?" இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்துவிட்டாலே பாதி ஆபத்து குறைந்தது.

இன்னொன்று. மனநோய் மருந்துகள் சிலருக்கு அகதீசியா என்ற தொல்லையைக் கொடுக்கும். உட்கார முடியாது, நிற்க முடியாது, தோலுக்குள் ஏதோ ஊர்வது போன்ற தவிப்பு, கால்கள் ஓரிடத்தில் நிற்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நோய் முற்றியது போலவே தெரியும். டோஸை ஏற்றுவார்கள், தவிப்பும் ஏறும். தாங்க முடியாமல் உயிரை விடத் துணிந்தவர்களும் உண்டு. இதைச் சட்டென்று கண்டுபிடிப்பவர் யார் தெரியுமா? அதை அனுபவித்த இன்னொருவர். "கால் சும்மா இருக்க மாட்டேங்குதா? மருந்து மாத்தினதுக்கு அப்புறமா?" என்று அவர் கேட்கும் இரண்டு கேள்வியை, ஓபி நெரிசலில் நாங்கள் பல நேரம் கேட்பதில்லை. ஒருவர் "இதுக்குப் பேர் அகதீசியாவாமே" என்று குழுவிலிருந்து பெயரோடு வந்து நின்றால் சில டாக்டர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும், டோஸையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

"சரி, ஆனா அவங்க மனநல மருத்துவத்தையே திட்டறாங்களே?" ஆமாம், திட்டுகிறார்கள். உலகம் முழுக்க இவர்களில் ஒரு பகுதியினர், மனநல மருத்துவத்திலிருந்தே தப்பிப் பிழைத்தவர்கள் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். கட்டிப்போடப்பட்டவர்கள், தனியறையில் பூட்டப்பட்டவர்கள், சம்மதம் கேட்காமல் ஊசி போடப்பட்டவர்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் தேடி நோய்க்குள் போக வேண்டியதில்லை.

இது நேற்று முளைத்த சங்கதியும் இல்லை. 1845-லேயே இங்கிலாந்தில், பித்தர்கள் என்று அடைக்கப்பட்டவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதன் தூண் ஜான் பெர்சிவல். சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலின் மகன். ஜானே காப்பகத்தில் அடைபட்டிருந்தவர். 1940-களில் நியூயார்க் பக்கம் ராக்லாண்ட் அரசு மனநல மருத்துவமனையிலிருந்து வெளிவந்த சிலர் தாங்களாகவே கூடத் தொடங்கினார்கள். அதுதான் 1948-ல் ஃபவுண்டன் ஹவுஸ் என்ற கூடுமிடம் ஆனது. 1970-ல் போர்ட்லாந்திலும் அடுத்த ஆண்டு பாஸ்டன், நியூயார்க், வான்கூவரிலும், 1973-ல் லண்டனிலும் நோயாளிகளின் அமைப்புகள் தோன்றின. ஜூடி சேம்பர்லின் என்ற பெண்மணி கருச்சிதைவுக்குப் பிறகு வந்த மனச்சோர்வோடு 1966-ல் மருத்துவமனைக்குள் போனவர். உள்ளே போனதும்தான் தெரிந்தது, தன் விருப்பப்படி வெளியே வர முடியாது என்று. பின்னாளில் இன்னொரு நெருக்கடி வந்தபோது வான்கூவரில் முன்னாள் நோயாளிகளே நடத்திய இடத்தில் தங்கித் தேறினார். 2010-ல் இறக்கும் வரை இந்த இயக்கத்தின் முக்கியக் குரல்களில் ஒருவராக இருந்தார்.

இந்தக் "திட்டுகிறவர்கள்" என்ன சாதித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம். 1975-ல் பாஸ்டன் அரசு மருத்துவமனை நோயாளிகள், கட்டாய மருந்துக்கும் தனியறைப் பூட்டுக்கும் எதிராக வழக்குப் போட்டார்கள். வழக்கு எட்டு ஆண்டு இழுத்தது. கடைசியில் 1983-ல் மாசசூசெட்ஸ் உயர்மட்ட நீதிமன்றம், வார்டில் அடைக்கப்பட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் மருந்தை மறுக்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை என்றும், முடிவெடுக்கும் திறன் அவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியது நீதிபதி என்றும் தீர்ப்புச் சொன்னது. 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை எழுதும் மேசையிலும் இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சம்மதப் படிவத்தை நீட்டி இன்று நாம் கையெழுத்து வாங்கும்போது, அந்தத் தாள் மருத்துவர்களின் பெருந்தன்மையால் மட்டும் வந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நோயாளிகள் சொன்னதைக் கேட்டு மருத்துவம் திருந்திய கதைகளும் உண்டு. நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவரிடம் பட்ஸி ஹேக் என்ற பெண், மற்றவர் காதில் விழாமல் தனக்கு மட்டும் கேட்கும் குரல்களை அவர் அலட்சியப்படுத்துவதாகச் சண்டை பிடித்தார். இருவரும் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் தொடர்பு கொள்ளுங்கள் என்றார்கள். அப்படித் தொடர்பு கொண்டவர்களில் சுமார் 450 பேருக்குக் குரல் கேட்டது. ஏறத்தாழ 150 பேர் அந்தக் குரல்களோடு ஒருவாறு சமாளித்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மருத்துவமனை வாசலுக்கே வராததால் எங்கள் கண்ணில் படாத ஆட்கள் அவர்கள். 1987-ல் உட்ரெக்ட் நகரில் அவர்களைக் கூட்டினார்கள். இன்று பல நாடுகளில் இயங்கும் குரல் கேட்போர் குழுக்கள் அங்கிருந்து கிளைத்தவை.

ஆதாரம் கேட்பவர்களுக்கு: பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2013 மதிப்பாய்வு 11 ஆய்வுகளை, மொத்தம் 2,796 பேரை எடுத்துக்கொண்டது. மனநல சிகிச்சையைத் தாங்களே அனுபவித்தவர்கள் செய்த வேலை, அதே மாதிரிப் பொறுப்பில் தொழில்முறையாளர்கள் செய்ததைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை. 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வில், நெருக்கடிக்கால சேவையிலிருந்து விடுவிக்கப்பட்ட 441 பேரில் ஒரு பிரிவினருக்கு ஒரு சக ஆதரவாளரும், அதாவது இதே அனுபவத்தைக் கடந்து வந்த ஒருவரும், துணைக்கு இருந்தார், மறுபிரிவினருக்குத் தபாலில் ஒரு பயிற்சிப் புத்தகம் மட்டும் போனது. ஓராண்டுக்குள் மறுபடி தீவிர சிகிச்சைக்குத் திரும்பியவர்கள் முதல் பிரிவில் 29 சதவீதம், இரண்டாவதில் 38 சதவீதம். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் தற்கொலை அபாயம் மிக அதிகமாக இருக்கும் காலம். வார்டில் சுற்றிலும் ஆள் இருந்து, வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாத அந்த வாரங்களில் வேறு யாரை வைத்து அந்த இடத்தை நிரப்புவீர்கள்?

என் எரிச்சல் குடும்பங்களோடு முடிவதில்லை. சில மருத்துவமனைகள் இப்போது "சக ஆதரவாளர்" என்று அடையாள அட்டை மாட்டி முன்னாள் நோயாளிகளை வேலைக்கு வைக்கின்றன. நல்லதுதான். அப்புறம் அவரிடம் என்ன வேலை வாங்குகிறார்கள் என்று பாருங்கள்: நோயாளி மாத்திரையை விழுங்கினாரா என்று வாயைத் திறந்து பார்க்கச் சொல்வது, பேசியதையெல்லாம் ஃபைலில் எழுதச் சொல்வது, அட்மிட் ஆக மறுப்பவரிடம் "நீங்க சொன்னா கேப்பாங்க" என்று அனுப்பி வைப்பது. சம்பளம் மட்டும் கடைசிப் படியில். மருத்துவர் முகத்துக்கு இன்னொரு முகமூடியாக ஒருவரை வைத்துவிட்டு, நோயாளிகள் அவரை நம்பவில்லை என்று மாதாந்தரக் கூட்டத்தில் வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை. அவரோடு பேசுவது ஃபைலுக்குப் போகும் என்றால் அதை முதலிலேயே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். போகாது என்றால், அவரிடம் ரிப்போர்ட் கேட்காதீர்கள்.

சரி, இனி கண்டிப்பான பேச்சு. குழுவில் இருப்பவர்களுக்கு முதலில். இன்னொருவருடைய டோஸை உங்கள் டோஸாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் நிறுத்தினார் என்பதற்காக நீங்கள் நிறுத்தாதீர்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் நீண்ட நாள் சாப்பிட்ட டயஸெபாம் வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. கடுமையான மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது, மருத்துவரைக் கேட்டுக் குறைந்த அளவிலிருந்து ஏற வேண்டும். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? திட்டு விழும் என்று ஒளிக்காதீர்கள், சொல்லுங்கள். நான் திட்ட மாட்டேன். திட்டுகிற டாக்டராக இருந்தால், குழுவிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

எல்லாக் குழுவும் நல்ல குழு என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆள் பேசி மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இடம், மாத்திரையை விட்டால்தான் உள்ளே இடம் என்று சொல்லும் இடம், மாத்திரையைக் கேள்வி கேட்டாலே வெளியே போ என்று சொல்லும் இடம், பொடியோ பயிற்சியோ விற்கும் இடம், உங்கள் கதையை அனுமதி இல்லாமல் படம் எடுத்துப் போடும் இடம், வெளியேற நினைத்தால் பயமுறுத்தும் இடம்: எழுந்து வந்துவிடுங்கள்.

தற்கொலை எண்ணம் பற்றிப் பேச்சு வந்தால் என்ன செய்வது என்பதைக் குழு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். பேசுவதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பேசியவுடன் போலீஸுக்குப் போன் போகும் என்றால் அடுத்த முறை யாரும் பேச மாட்டார்கள். அதே நேரம் வழியும் நேரமும் தீர்மானித்துவிட்டவரைத் தனியாக அனுப்பாதீர்கள். அவரோடு ஒருவர் இருங்கள், யாரை அழைக்கலாம் என்று அவரிடமே கேட்டு அழையுங்கள், கைக்கு எட்டும் தூரத்திலிருந்து ஆபத்தான பொருளை அகற்றுங்கள். அப்போதும் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவசர உதவியைக் கூப்பிடுங்கள், அவருக்குத் தெரியும்படியே கூப்பிடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள், வாசலோடு நின்றுகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று குடையாதீர்கள். அவரே சொன்னால் கேளுங்கள். அவர் நன்றாக இருக்கும் நாளில், மறுபடி நெருக்கடி வந்தால் என்ன வேண்டும், என்ன வேண்டாம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடவே கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். சக ஆதரவுக் குழுக்களில் இதை ஒருவருக்கொருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார்கள், எங்கள் ஓபியில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பல நாடுகளில் இப்படி எழுதி வைப்பதற்குச் சட்ட மதிப்பும் உண்டு. ஒரு பிரதியை எனக்குக் கொடுங்கள், ஃபைலின் முதல் பக்கத்தில் வைக்கிறேன். 'கூப்பிடவே கூடாது' என்ற வரியில் உங்கள் பெயரோ என் பெயரோ இருந்தால், அன்றைக்கு அவரோடு அதைப் பற்றிச் சண்டை போடாதீர்கள்.