அமுக்காத, திருக்கு!

குமரி மாவட்டம் குளச்சலில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் நிற்கிற அக்கா வீட்டுக் காரின் பின்சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டுதான் டிஸ்க்; அதை இரண்டு பக்கமும் உரசி நிறுத்தும் கட்டைகள் பிரேக் பேடுகள். வெளிப்பக்கத்து பேடு பாதி மிச்சம் இருந்தது. உள்பக்கத்துப் பேடோ முழுக்கத் தேய்ந்து, அதன் இரும்புத் தகடே டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. சக்கர இடுக்கு வழியாகப் பார்த்தால் கண்ணில் படுவது வெளிப்பேடுதான். அதைப் பார்த்துவிட்டு 'இன்னும் நாள் கிடக்கு' என்று ஓட்டியிருக்கிறார்கள்.

ஒரே காலிப்பரில், அதாவது பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியில், இரண்டு பேடுகள் ஏன் இப்படித் தேய்கின்றன? பல கார்களின் பின் காலிப்பரில் பிஸ்டன் ஒன்றுதான், அதுவும் உள்பக்கம். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். உள்பேடு டிஸ்க்கில் பதியும். அந்த எதிர்விசையில் காலிப்பர் 'ஸ்லைடு பின்' என்ற இரண்டு வழவழப்பான கம்பிகள் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேட்டையும் இழுத்துப் பதிக்கும். அந்த ஸ்லைடு பின் துருவேறி இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள்பேடு தனியாகப் பாடுபடும்.

நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு; முட்டம், குளச்சல் கரையில் உப்புக்காற்றும் சேரும். ஸ்லைடு பின்னின் ரப்பர் உறையில் சின்னக் கிழிசல் போதும், துரு பிடிக்க. போதாததற்கு, பின் பிரேக்குக்கு வேலையும் குறைவு. பஸ் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் சாய்வதுபோல, காரின் பாரமும் முன்சக்கரங்களுக்குப் போய்விடும். 60 கி.மீ. வேகத்தில் ஓடும் 1,200 கிலோ காரை நிறுத்தப் பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கும். அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுக்கே. மெதுவாக உரசப்படும் பின் டிஸ்க்கில் துரு தங்கிவிடுகிறது.

புதுப் பேடு தடிமனானது. அதற்கு இடம்விட, வெளியே வந்திருக்கும் பிஸ்டன் உள்ளே போக வேண்டும். முன்சக்கரத்தில் சி-கிளாம்ப் என்ற திருகுப் பிடியை வைத்து அமுக்கினால் போய்விடும். அதே கிளாம்பை இங்கேயும் எடுத்தேன். பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணன் கையைப் பிடித்துவிட்டார்: "மக்கா, அமுக்காத. திருக்கு!"

காரணம் ஹேண்ட் பிரேக். இந்தக் காரில் அதுவும் இதே பிஸ்டனைத்தான் தள்ளுகிறது. பிஸ்டனுக்குள் ஒரு திருகுக் கம்பியும் அதில் ஏறிய நட்டும் இருக்கின்றன. லீவரை இழுத்தால் கேபிள் அந்தக் கம்பியை முன்னே தள்ளும். நட்டு பிஸ்டனைத் தள்ளும். பேடு தேயத் தேய, நட்டு தானாகவே கம்பியில் சுழன்று முன்னேறிக்கொள்ளும். அதனால்தான் பேடு மெலிந்தாலும் லீவர் அதே உயரத்தில் பிடிக்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் முன்னேறிய நட்டு அமுக்கினால் பின்வாங்காது. பழைய சலூன்களின் சுழல் ஸ்டூலை நினைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை பாரம் வைத்தாலும் இறங்காது, சுற்றினால் இறங்கும். மீறி அமுக்கினால் உள்ளிருக்கும் இயக்கம் உடையும்.

பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டுகளில் கருவியைப் பொருத்தி, லேசாக அழுத்தியபடி திருக்க வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழியாக, சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் மாறும், கையேட்டைப் பாருங்கள். கடைசியில் வெட்டு, பேடின் பின்னால் உள்ள முளைக்கு நேராக நிற்க வேண்டும். மோட்டாரில் இயங்கும் ஹேண்ட் பிரேக் என்றால், முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனைத் தொடவே கூடாது.

ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திச் செய்கிற வேலை இது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். காலிப்பரை அதன் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். ஸ்லைடு பின்னைத் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். பேடுகளை இரண்டு பின்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டியபின் அக்கா சாவியைப் போடப் போனாள். தடுத்துவிட்டுப் பெடலை மிதித்தேன். முதல் மிதியில் தரைவரை இறங்கியது. பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. நான்காவது மிதியில் கெட்டியாக நின்றது. சாவியைக் கொடுத்தேன்.