தோண்டத் தோண்ட உப்பு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடலோர மணல்ல நாலடி தோண்டுனா ஊத்துத் தண்ணி நல்லா இருக்கு, அதே இடத்துல நூறடி போர் போட்டா வாயில வைக்க முடியல. ஏன்?"

ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்குகிறது. கீழே கடல்நீர் முன்பே ஊறி நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மேலே மிதக்கும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

எவ்வளவு மிதக்கும் என்பதில்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை. நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1000 கிராம், கடல்நீர் சுமார் 1025. அப்படியென்றால் 40 அடி உயரக் கடல்நீரின் எடைக்குச் சமமாக நிற்க 41 அடி நல்ல தண்ணீர் வேண்டும், பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். அந்தக் கூடுதல் ஓரடிதான் கடல்மட்டத்துக்கு மேலே தெரிகிறது, மீதி 40 அடி மண்ணுக்குள் முங்கிக் கிடக்கிறது. நெதர்லாந்தில் பேடன் கைபென் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும், ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் 1901லும் தனித்தனியாகக் கண்டுபிடித்த கணக்கு இது.

இதைத் திருப்பிப் பாருங்கள், வயிறு கலங்கும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஓரடி இறக்கினால், அடியில் உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். அன்றைக்கே ஏறாது, மெதுவாக, போருக்கு நேர் கீழே கறையான் புற்று மாதிரி குவிந்து எழும்பும். மோட்டாரை நிறுத்திய பிறகும் அந்தப் புற்று சட்டென்று அமுங்குவதில்லை. கொஞ்சம் கலந்தாலே போதும்: 500 டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மில்லிகிராம் கணக்கில்) உள்ள 100 குடம் நல்ல தண்ணீரில் 5 குடம் கடல்நீர் சேர்ந்தால், வேறு வழியில்லாவிட்டால் குடிக்கலாம் என்று விட்டுவைத்திருக்கும் 2000 என்ற எல்லையையும் தாண்டிவிடும்.

ஊற்றில் அகப்பை போட்டு மொள்ளும் பெண்களைப் பாருங்கள். ஆழமாகத் தோண்ட மாட்டார்கள். நாலு அகப்பை மொண்டுவிட்டு, ஊறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். மேல்தோலை மட்டும் வழித்தெடுக்கிற வேலை அது.

ஒரு சிறு நகரத்துக்குத் திட்டம் போடும்போது இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். தலைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் 50,000 பேருக்கு நாளொன்றுக்கு 67.5 லட்சம் லிட்டர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்துகொண்டிருக்கும்வரை சரி. குழாய் உடைந்து நாலு நாள் வராவிட்டால் ஊரிலுள்ள அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும், அப்புறம் அந்த உப்புப் புற்றுதான். அதனால் இங்கே தெருக்குழாய் ஒழுகலை அடைப்பது லிட்டரை மிச்சம் பிடிக்கிற விஷயம் மட்டும் இல்லை, உப்பை கீழே அழுத்தி வைக்கிற விஷயம். ஊரணியைத் தூர்வாரி நிரப்பி வைப்பதும் அப்படித்தான்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்றால் கோடிகள் புரளும். இருபது கிணறுகளில் மாதம் ஒருமுறை நாடாவை விட்டு நீர்மட்டம் அளந்து, டிடிஎஸ் மீட்டரை முக்கிக் குறித்துக்கொள்ள ஓர் ஆளைப் போடுங்கள் என்றால் நிதி இல்லை என்பார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. இதற்கு நடுவே உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வேறு. இந்த மணலில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், ஆகவே அவர் வாக்கு எப்போதும் பலிக்கும். உப்பா இல்லையா என்பதைத் தேங்காய் சொல்லாது.

வாசகருக்கு: நான் சொல்வது கரையோர மணல் திட்டுக்கு. உள்ளே தள்ளி, களிமண் அடுக்குக்குக் கீழே நீர் இருக்கும் இடங்களின் கதை வேறு. உங்கள் போரை இன்னும் ஐம்பது அடி இறக்கலாம் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள். போரின் அடிப்பகுதியை அடைத்துவிட்டு, ஆழமில்லாமல் அகலமாக ஒரு உறைகிணறு இறக்குங்கள், சின்ன மோட்டாராகப் போட்டு காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் ஓட்டுங்கள்.