உலோகத் தகடே இல்லாமல் வெள்ளி படிவது எப்படி?

வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு மின்வாய் மூழ்கியிருக்கிறது. இன்னொன்று கரைசலைத் தொடாமல் மேலே வாயுவில் நிற்கிறது. உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் இடைவெளி ஒளிர்கிறது, கரைசலின் மேற்பரப்பில் வெள்ளி படிகிறது. 1887-இல் கூப்கின் என்ற ஆய்வாளர் இதை வெளியிட்டார். வழக்கமான மின்பகுப்பில் உலோகம் மின்வாய்மேல்தான் படியும். இங்கே அந்த வேலையைத் தண்ணீரின் மேற்பரப்பே செய்துவிடுகிறது.

ஒளிர்வது பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் கழன்று மின்சாரம் கடத்தும் வாயு. வாயுவில் எப்போதும் சில எலக்ட்ரான்கள் தனியாகத் திரியும். மின்புலம் போதுமான அளவு வலுத்தால் (சாதாரணக் காற்றில் சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட்) அவை வேகமெடுத்து மூலக்கூறுகளில் மோதும். மோதலில் புது எலக்ட்ரான்கள் கழன்று வரும், அவையும் போய் மோதும். நொடிப்பொழுதில் வாயு மின்கடத்தியாகிவிடும்.

சரி, எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் போகும்? 2015-இல் அமெரிக்காவின் நோட்ரே டேம் பல்கலைக்கழகக் குழுவினர், நீரில் கரைந்த எலக்ட்ரான்கள் லேசர் ஒளியை உறிஞ்சுவதை வைத்து இதை அளந்தார்கள். சுமார் 2.5 நானோமீட்டர்! நீர் மூலக்கூறுகளை ஒன்பது பத்து அடுக்கினால் வரும் ஆழம். வெள்ளி அயனி எலக்ட்ரானை வாங்கி உலோகமாவது இந்த மெல்லிய தோலை ஒட்டித்தான்.

மின்சாரத்தின் திசையை மாற்றினால் கதையே மாறும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இதுவரை பார்த்ததுபோல எலக்ட்ரான்களை வாங்கும் பக்கமாக, அதாவது நேர்மின்வாயாக, உப்புத் தண்ணீர் இருக்கும்வரை சோடியம் பெரிதாகத் தலைகாட்டாது. அதை எதிர்மின்வாயாக்கி மின்னோட்டத்தைக் கூட்டுங்கள், பளிச்சென்று மஞ்சள் ஒளி வரும். 589 நானோமீட்டர், சோடியத்தின் நிறம். இப்போது கனமான நேர் அயனிகள் சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தால் வேகமெடுத்து நீரைத் தாக்குகின்றன, கரைந்திருக்கும் சோடியமும் வாயுவுக்குள் வந்துவிடுகிறது. நுண்துளிகளாகத் தெறித்து வருகிறதா, வேறு வழியிலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

1993-இல் ஹங்கேரியின் செர்ஃபால்வியும் மெசேயும் இதையே நீரிலுள்ள உலோகங்களைக் கண்டறியும் முறையாக்கினார்கள். மாதிரியில் கொஞ்சம் அமிலம் சேர்த்து இதேபோல் பிளாஸ்மாவை உண்டாக்கினால், ஈயமும் காட்மியமும் அதனதன் அலைநீள ஒளியில் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு பக்கம், பிளாஸ்மா நீர் மூலக்கூறை உடைத்து ஹைட்ராக்சிலை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) உண்டாக்கும். இரண்டு ஹைட்ராக்சில் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து நைட்ரைட்டும் நைட்ரேட்டும் வந்து கரையும், நீர் அமிலத்தன்மை பெறும். பிளாஸ்மாவை அணைத்த பிறகும் அந்த நீர் கொஞ்ச காலம் பாக்டீரியாவைக் கொல்லும். காய்கறி கழுவவும் விதை முளைப்பைத் தூண்டவும் அதை இப்போது சோதித்து வருகிறார்கள்.