அயனி வாய்க்கால்: மதகு வைத்த புரதம்

அக்கா மகள் அயான் சேனல் புரதங்களின் அமைப்பையும் செயல்பாட்டையும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். போன மாதம் காவேரிப்பட்டணம் வந்திருந்தபோது என் அம்மா அவளிடம் "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டார். செல்லைச் சுற்றி இருக்கிற சவ்வில் சின்னச் சின்ன வாய்க்கால் பாட்டி, அது வழியா உப்பு போகும் வரும் என்றாள். கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரில் நெல் நட்டவர் என் அம்மா, உடனே கேட்டார்: "சரி, மதகை யாரு தூக்குறது?"

சொல்லுக்கு வருவோம். அயான் என்பது கிரேக்கம், 'போவது' என்று பொருள். கரைசலில் மின்சாரம் பாயும்போது மின்முனையை நோக்கி நகரும் துகளுக்குப் பெயர் தேடிய மைக்கேல் பாரடே, வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞரிடம் யோசனை கேட்டு 1834இல் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம் பாடநூல்களில் அது அயனி, உப்பு தண்ணீரில் கரையும்போது பிரிகிற மின்னேற்றம் கொண்ட துகள். உத்தராயணத்தில் இருக்கிற 'அயனம்' என்ற வடசொல்லுக்கும் செல்லுதல்தான் பொருள், அதுவும் இந்தக் கிரேக்கச் சொல்லும் ஒரே மூல வேரில் கிளைத்தவை. அதனாலோ என்னவோ அயனி என் காதுக்கு அன்னியமாகப் படவில்லை.

சேனல் லத்தீன் வழி வந்தது, நாணலைக் குறிக்கும் சொல்லில் பிறந்து குழாயாகி, பிறகு நீர் ஓடும் வழியானது. தமிழில் கால்வாய், தடம் என்று இரண்டுமே எழுதுகிறார்கள். எனக்கு வாய்க்கால்தான் சரி. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடுகிற மாதிரி, அயனிகள் இதில் நெருக்கம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத் தாமாகவே பாய்கின்றன, நொடிக்குக் கோடிக்கணக்கில். மேட்டுக்கு ஏற்ற வேண்டுமென்றால் மோட்டார் வேண்டும், அந்த வேலையைச் செய்யும் புரதம் வேறு, அதற்கு எக்கி என்று பெயர்.

வாய்க்காலில் எந்த அயனியை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் பகுதிக்கு 'வடிகட்டி' என்று எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வடிகட்டி என்றால் பெரியது தங்கும், சிறியது இறங்கும். ஆனால் பொட்டாசியம் வாய்க்கால் பெரிய பொட்டாசியத்தை உள்ளே போக விட்டு, அதைவிடச் சிறிய சோடியத்தை நிறுத்திவிடுகிறது! அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மெக்கின்னன் 1998இல் அதன் அமைப்பை வெளியிட்டபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. அயனி தன்னைச் சூழ்ந்த தண்ணீரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும், இழந்த தண்ணீருக்கு ஈடாக உள்ளே ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன, அந்த இடைவெளி பொட்டாசியத்துக்கு அளவெடுத்தது போல இருக்கிறது, சோடியத்துக்குப் பொருந்தவில்லை. அந்த வேலைக்கு 2003இல் நோபல் பரிசு. 'தேர்வு வாயில்' என்றால் இந்தப் பொருள் கெடாது.

அப்புறம் அம்மாவின் கேள்வி. மதகு என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. எப்போதும் திறந்தே கிடக்கும் வாய்க்கால்களும் உண்டு என்பதால் முழுப் புரதத்துக்கும் அந்தப் பெயர் ஆகாது, திறந்து மூடும் பாகத்துக்கு மட்டும். நரம்பில் சில மதகுகளை மின்னழுத்தம் தூக்குகிறது, சிலவற்றை வந்து ஒட்டும் ஒரு வேதிப்பொருள். மிளகாயின் காரப்பொருள் நாக்கில் திறக்கிற மதகைச் சுடு தண்ணீரும் திறக்கும், அதனால்தான் காரம் பட்டால் "எரியுது" என்கிறோம்.