யாரால் வகுத்தால் 92 சதவீதம்?

40 பேர் ஒரு படிப்பில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு வரை வருகிறவர்கள் 26 பேர். அவர்களில் 24 பேர் தேறுகிறார்கள். கல்லூரி வாசலில் கட்டும் ஃபிளெக்ஸில் ‘தேர்ச்சி 92 சதவீதம்’ என்று வரும். அது பொய் இல்லை, 24-ஐ 26-ஆல் வகுத்தால் 92தான். ஆனால் முதல் நாள் வருகைப் பதிவேட்டில் இருந்த 40 பேரால் வகுத்தால் 60. நடுவில் நின்றுபோன 14 பேரைப் பற்றி அந்த ஃபிளெக்ஸ் ஒரு வார்த்தை சொல்லாது.

நான் சமுதாயக் கல்லூரிகளில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது டெல்டா பகுதியில் ஒரு கல்லூரியோடு இணைந்த மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர். பிள்ளைகள் உண்மையிலேயே கற்றுக்கொண்டார்களா, கல்லூரி அதன் வேலையைச் செய்ததா என்ற இரண்டு கேள்விகளையும் எப்படிக் கேட்டாலும் கடைசியில் அந்த 14 பேரிடம்தான் போய் நிற்கிறேன்.

சமுதாயக் கல்லூரி என்றால் இன்னும் பலருக்குத் தெரியாது. தொழில்திறனையும் பொதுக் கல்வியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. நம் பக்கத்தில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டம் ஒன்றைத் திறந்தது. 2009-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ, 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. என்று திட்டங்கள் வந்தன. யு.ஜி.சி. திட்டத்தில் தொழில்திறனுக்கு 60 சதவீதம், பொதுக் கல்விக்கு 40 சதவீதம். வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், ப்ளஸ் டூ முடித்து மூன்று வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவர், பத்தாம் வகுப்புக்கு அப்புறம் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானவர், காலையில் பால் ஊற்றிவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிறவர். வழக்கமான கல்லூரிக்குப் போடும் கணக்கை இவர்களுக்கும் அப்படியே போட முடியாது.

முதலில் கற்றல். எங்கள் மையத்தில் ஏ.சி. மெக்கானிக் டிப்ளமோ இருக்கிறது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பையனுக்குப் பயிற்சிக்குப் போன கடையில் காப்பர் பைப்பை ஃபிளேர் பண்ண, அதாவது இணைப்பதற்காக நுனியை விரிக்க, வரவில்லை. “வாயால கேளுங்க மேடம், இல்ல செய்யச் சொல்லுங்க, எழுதத்தான் வராது” என்று சொன்ன இன்னொருவர் சோப்புத் தண்ணீரில் இரண்டே நிமிடத்தில் கசிவைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் அந்தத் தாளில் அரியர். இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

செய்முறைத் தேர்வை மாற்றினோம். பைப் வெட்டுவது, ஃபிளேர் பண்ணுவது, கசிவு பார்ப்பது, வேக்கம் போடுவது (பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது), கேஸ் நிரப்புவது, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்ப்பது, வாடிக்கையாளரிடம் பழுதை விளக்குவது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணுக்குப் பதில் மூன்றே குறிப்பு: தனியாகச் செய்கிறார், சொன்னால் செய்கிறார், இன்னும் வரவில்லை. இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஒருவர் எங்கள் ஆசிரியர், இன்னொருவர் ஊரில் ஏ.சி. கடை வைத்திருக்கும் மெக்கானிக்.

முதல் முறையே இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லை. வேக்கம் போடுவதில் எங்கள் ஆசிரியர் பெரும்பாலானவர்களுக்குத் ‘தனியாகச் செய்கிறார்’ என்று போட்டிருந்தார். மெக்கானிக் அதே பிள்ளைகளுக்கு ‘இன்னும் வரவில்லை’ என்று போட்டிருந்தார். என்ன காரணம் என்று கேட்டேன். “பம்ப்பை நிறுத்தின உடனே கேஸைத் திறந்துட்டாங்க. வால்வை மூடிட்டுக் கொஞ்ச நேரம் கேஜ் முள்ளைப் பார்க்கணும். முள் ஏறினா உள்ள ஈரமோ கசிவோ இருக்குன்னு அர்த்தம். பார்க்காம கேஸ் ஏத்தினா கொஞ்ச நாள்ல கம்ப்ளெயின்ட் வரும், கம்ப்ரசர் போனாலும் போகும்.” இப்போது வரும் வீட்டு ஏ.சி.களில் பலவற்றில் ஆர்-32 கேஸ். பழைய ஆர்-22 போல இல்லாமல் இது தீப்பற்றக்கூடியது. கசிவோடு விட்டுவிட்டு வருவது வெறும் தொழில் குறை என்று தள்ளிவிடக் கூடியதல்ல.

இரண்டு மூன்று பேரைத் தவிர வகுப்பு முழுக்க அதே தவற்றைச் செய்திருந்தது. ஒரு வகுப்பே ஒரே இடத்தில் தவறினால் குறை பிள்ளைகளிடம் இருக்காது. விசாரித்தால், இருப்பது ஒரே வேக்கம் பம்ப். எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டுமே என்று, முள்ளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய பத்து நிமிடத்தை ஆசிரியரே வெட்டியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த பருவத்துக்கு இன்னொரு பம்ப் கேட்டு எழுதினேன், தேர்வுத் தாளை அந்தக் கடிதத்தோடு இணைத்தேன். பம்ப் வந்தது. என் அனுபவத்தில் மதிப்பீட்டால் நடந்த மிகப் பெரிய நன்மை அதுதான்.

இன்னொன்றும் செய்து பார்த்தோம். ஒரே கணக்கை எல்லாப் படிப்புக்கும் அந்தந்தத் தொழில் உடுப்பில் கொடுத்தோம். மருத்துவமனை உதவியாளர் வகுப்பில் கேள்வி இது: 5 சதவீத ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி இருக்கிறது, சிந்திய ரத்தத்தைத் துடைக்க 1 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் வேண்டும், எப்படிக் கலப்பாய்? 200 மில்லி மருந்து, 800 மில்லி தண்ணீர். நிறையப் பேர் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்று எழுதினார்கள். தையல் வகுப்பில் துணி அளவு, ஏ.சி. வகுப்பில் பில் தொகையில் தள்ளுபடி. மூன்று வகுப்பிலும் விகிதம் வரவில்லை. தனித்தனியாகப் பார்த்திருந்தால் ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்புதான் மோசம் என்று நினைத்திருப்பார். சேர்த்துப் பார்த்ததால்தான் பொதுக் கல்விப் பகுதியில் கணக்கே சரியாக நடக்கவில்லை என்பது தெரிந்தது. அங்கே மென்திறன் என்ற பெயரில் பேச்சுப் பயிற்சி மட்டும் நடந்துகொண்டிருந்தது.

இதற்கெல்லாம் கோப்பு வேண்டாமா என்றால், வேண்டும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட 1994-இல் தொடங்கிய தேசிய அமைப்பான நாக், கல்லூரிகளை ஏழு அளவுகோல்களில் பார்த்துவந்தது. கற்றல், கற்பித்தல், மதிப்பீடு மூன்றும் சேர்ந்து இரண்டாவது அளவுகோல். பாடத்தின் இலக்கு என்ன, அதை எத்தனை பேர் எட்டினார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் எங்களை உட்கார வைத்து, இலக்கை எவ்வளவு எட்டினோம் என்று காட்டும் அட்டெயின்மென்ட் அட்டவணைகளை மூன்று ஆண்டுக்கும் ஒரே இரவில் நிரப்பச் சொன்னார்கள். எல்லாப் பாடத்துக்கும் இரண்டேகால், இரண்டரை என்று அழகாக எண்கள். நானும் நிரப்பினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஒப்புவதில்லை. அந்த எண்களை வைத்து ஒரு பம்ப்கூட யாரும் வாங்கியிருக்க முடியாது.

சரி, அந்த 14 பேர். அமெரிக்காவில் இந்த வகைக் கல்லூரிக்கு 1901-லிருந்து வரலாறு இருக்கிறது. இல்லினாயில் ஜோலியட் ஊரில் ஆரம்பித்தது. அங்கேயும் அரசு வெளியிடும் பட்டமளிப்பு விகிதத்தில், முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டும்தான் எண்ணினார்கள். அந்தக் கல்லூரிகளிலோ பெரும்பான்மை பகுதிநேரம் படிப்பவர்கள். அவர்களையும், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்களையும் சேர்த்து எட்டு ஆண்டு வரை பின்தொடரும் கணக்கு 2015-16-இல்தான் வந்தது. அத்தனை பெரிய நாட்டுக்கே யாரால் வகுப்பது என்ற கேள்வி அவ்வளவு தாமதமாகத்தான் உறைத்திருக்கிறது.

நாங்கள் செய்தது சின்ன விஷயம். சேரும்போதே மூன்று செல் நம்பர் வாங்குகிறோம்: சொந்த நம்பர், வீட்டில் ஒருவர், நண்பர் ஒருவர். தொடர்ந்து ஒரு வாரம் வராவிட்டால் கூப்பிடுகிறோம். “ஏன் வரல” என்று கேட்பதில்லை, அப்படிக் கேட்டால் லைனைத் துண்டித்துவிடுவார்கள். “நல்லா இருக்கீங்களா, வகுப்பு நேரம் ஒத்துவருதா” என்று கேட்கிறோம். மாலை வகுப்பில் பெண்கள் வரிசையாக நின்றுபோனதற்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று எங்கள் பழைய அறிக்கைகளில் எழுதியிருந்தது. கூப்பிட்டுக் கேட்டதும் தெரிந்தது, அவர்கள் ஊருக்குக் கடைசி பஸ் 7.10, வகுப்பு முடிவது 7.30. வகுப்பை நாற்பது நிமிடம் முன்னால் நகர்த்தினோம். நின்றவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. ஒருவருக்கு அதற்குள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவரிடம் ஒரு மாதம் முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

வேலை கிடைத்தவர்கள் பட்டியலும் இப்படித்தான். ஆஃபர் லெட்டர் கையில் வாங்கிய அன்றைக்கு எடுத்த போட்டோதான் பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஆதாரம். நாங்கள் ஆறு மாதம் கழித்துக் கூப்பிடுகிறோம். இன்னும் அதே வேலையா, சம்பளம் எவ்வளவு, படித்ததில் எது உதவியது, எதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டோம். கடைசிக் கேள்விக்குத்தான் எப்போதும் நீண்ட பதில் வரும். பில் எழுதுவது எப்படி என்று தெரியாமல் முதல் மாதம் முழுக்கத் திட்டு வாங்கியதாகச் சொன்ன பையன் ஒருவன். இப்போது பில் எழுதுவது பாடத்தில் இருக்கிறது.

பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் என்னிடம் எத்தனை சதவீதம் பாஸ் என்று கேட்கிறார்கள். கேளுங்கள், கூடவே முதல் நாள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்றும் கேளுங்கள். போன வருஷம் முடித்த இரண்டு பேரின் நம்பர் தர முடியுமா என்று கேளுங்கள். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொல்கிற இடத்தில் சேருங்கள், கட்டடம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

எங்கள் வேலையும் முடியவில்லை. ஒவ்வொரு ஆண்டும் தை, மாசியில் சம்பா அறுவடைக்குப் போகிற பிள்ளைகள் அந்த நேரத்தில் வரும் செய்முறைத் தேர்வைத் தவறவிடுகிறார்கள். அறுவடைக் கூலியை விட்டுவிட்டு வா என்று எந்த முகத்தோடு சொல்வது? தேதியைப் பங்குனிக்கு நகர்த்தச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறோம். கூடவே மூன்று ஆண்டு வருகைப் பதிவேட்டின் நகலையும் வைத்திருக்கிறோம், நின்றுபோனவர்களின் பெயர்களுக்கு நேரே அவர்கள் சொன்ன காரணங்களோடு.