கோலூன்றித் தாண்டுதல்: ஓட்டம் உயரமாக மாறும் விதம்

2025 செப்டம்பர் 15 அன்று டோக்கியோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் ஆண்கள் கோலூன்றித் தாண்டுதல் இறுதிச் சுற்றில், தங்கம் உறுதியான பிறகும் களத்தில் நின்ற சுவீடன் வீரர் அர்மாண்ட் டுப்லாண்டிஸ், தம் மூன்றாவது முயற்சியில் 6.30 மீட்டரைத் தாண்டினார். வெள்ளி வென்ற கிரீஸ் நாட்டின் இம்மானுயில் கராலிஸ் அன்று கடந்த உயரம் 6.00 மீட்டர். கையில் எதுவும் இல்லாமல் தாண்டும் உயரம் தாண்டுதலிலோ, கியூபாவின் ஹவியர் சோட்டோமாயோர் 1993இல் எட்டிய 2.45 மீட்டர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முறியடிக்கப்படவில்லை. ஒரு கோல் சேர்ந்துகொண்டதும் மனித உடல் ஏறத்தாழ நான்கு மீட்டர் கூடுதலாக எழும்புகிறது என்றால், அந்த நான்கு மீட்டரைக் கோல்தான் தருகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் கோலுக்கென்று சொந்த ஆற்றல் எதுவும் கிடையாது. வளையும்போது தனக்குள் செலுத்தப்பட்டதில் ஒரு சிறு பகுதியை வெப்பமாக இழந்துவிட்டு, மீதியைத்தான் அது திருப்பித் தர முடியும். உயரத்தின் பெரும்பகுதி, வீரர் ஓடிவந்த வேகத்திலிருந்தே வருகிறது.

இதைப் பள்ளிப் பாடக் கணக்கைக் கொண்டே சரிபார்க்கலாம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும்போது அவரிடம் 4,000 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். அது முழுவதும் நிலை ஆற்றலாக மாறினால் அவருடைய ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரும் என்பதை அறிய, வேகத்தின் இருமடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரட்டிப்பால் வகுத்தால் போதும். எடை கணக்கிலிருந்து நீங்கிவிடும். விடை ஏறத்தாழ 5.1 மீட்டர். தரையை விட்டு எழும் கணத்தில் அவருடைய ஈர்ப்பு மையம் ஏற்கெனவே ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால், இரண்டும் சேர்ந்து 6.2 மீட்டரை ஒட்டி வருகின்றன. இதே கணக்கை நொடிக்கு 9.5 மீட்டர் வேகத்துக்குப் போட்டால் 5.1 என்பது 4.6 ஆகிவிடும். அதாவது வேகத்தில் நொடிக்கு அரை மீட்டர் குறைந்தால் உயரத்திலும் அரை மீட்டர் போய்விடுகிறது. நடைமுறையில் கோலை ஊன்றும்போது ஆற்றலில் ஒரு பங்கு வீணாகிறது. பிறகு மேலே எழும்போது தோள், வயிறு, முதுகுத் தசைகள் செய்யும் வேலை ஒரு பங்கைச் சேர்க்கிறது. வரவும் செலவும் பெருமளவு ஈடாகிவிடுவதால்தான் இந்த எளிய கணக்கு உண்மைக்கு இவ்வளவு அருகில் நிற்கிறது.

ஆகவே இந்தப் போட்டியின் முதல் தேவை வேகம். 2024இல் சூரிச்சில் நடந்த காட்சிப் போட்டி ஒன்றில் டுப்லாண்டிஸ் 100 மீட்டரை 10.37 நொடியில் ஓடி, 400 மீட்டர் தடை ஓட்டத்தின் உலகச் சாதனையாளரான நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோமை முந்தினார். அவருடைய தாண்டுதலின் அடிப்படை அந்த ஓட்டத்தில் தெரிந்தது. ஆனால் தாண்டும்போது வெறுங்கையுடன் ஓட முடியாது. ஐந்து மீட்டர் நீளக் கோலின் ஒரு முனைக்கருகே மட்டும் பிடித்திருப்பதால், மறுமுனை வீரரை முன்பக்கமாகக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பளுவைக் குறைக்க, தொடக்கத்தில் கோலை ஏறத்தாழ நிமிர்த்திப் பிடித்து, ஓட ஓடச் சிறிது சிறிதாகத் தாழ்த்துகிறார்கள். சீராகத் தாழ்த்தினால் கடைசிச் சில அடிகளில் கோல் தானாகவே விழுந்துகொண்டிருக்கும். அப்போது அதைத் தாங்கும் வேலை கைகளுக்குக் குறைந்து, கால்கள் முழு வேகத்தில் இயங்க முடியும்.

ஓடுதளத்தின் முடிவில், தரை மட்டத்துக்குக் கீழே 20 சென்டிமீட்டர் ஆழத்தில் முடியும் ஊன்றுகுழி இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள அதன் அகலம் முன்புறம் 60 சென்டிமீட்டர். குழியின் முடிவில் 15 சென்டிமீட்டராகக் குறுகிவிடும். கோலின் முனை அதன் பின்சுவரில் முட்டுவதற்குள் வீரர் இரு கைகளையும் தலைக்கு மேல் முழுமையாக உயர்த்தியிருக்க வேண்டும். தரையை உதைக்கும் பாதம், கோலை உயரமாகப் பிடித்திருக்கும் மேல்கைக்கு நேர்கீழே அமைய வேண்டும். பாதம் அந்த இடத்தைத் தாண்டிக் குழியை நெருங்கிவிட்டால், எழும்புவதற்கு முன்பே கோல் அவரைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைத் தின்றுவிடும். உக்ரைனைச் சேர்ந்த வீரர் செர்கெய் புப்காவின் பயிற்சியாளர் விட்டாலி பெட்ரோவ் வலியுறுத்தியது இந்தக் கணத்தைத்தான்: கோல் வளையத் தொடங்கும் முன்பே வீரர் தரையை விட்டு எழுந்துவிட வேண்டும். அந்த முறையில் தேர்ந்த புப்கா 1985இல் பாரிசில் உலகிலேயே முதல் ஆளாக 6 மீட்டரைத் தாண்டினார். 1983 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு உலகப் போட்டிகளில் தங்கம் வென்றார்.

இனி வளைவுக்கு வருவோம். அமெரிக்காவின் கார்னேலியஸ் வார்மர்டாம் மூங்கில் கோலைக் கொண்டு 1942இல் 4.77 மீட்டர் தாண்டினார். அந்தச் சாதனை 1957 வரை நிலைத்தது. இடையில் வந்த உலோகக் கோல்களால் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. 1960களின் தொடக்கத்தில் கண்ணாடியிழைக் கோல்கள் பரவியதும், சில ஆண்டுகளுக்குள் உயரங்கள் 5 மீட்டரைக் கடந்தன. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரெட் ஹான்சன் 5.10 மீட்டருக்குத் தங்கம் வென்றார். புதிய கோல்கள் வீரரைத் தூக்கி எறிந்ததே காரணம் என்ற விளக்கம் அன்றே தோன்றியது. இன்றும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். வளைந்த கோல் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருவது உண்மைதான். ஆனால் வளைவின் இன்னும் பெரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது.

ஊன்றிய கோல் குழியை மையமாகக் கொண்டு செங்குத்து நிலை வரை சுழன்றாக வேண்டும். வீரர் அந்த மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறாரோ, அந்தத் தொலைவின் இருமடிக்கு ஏற்பச் சுழற்சிக்கான எதிர்ப்பு கூடும். இதையே இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். விறைப்பான கோலை மிக உயரத்தில் பிடித்தால் அது செங்குத்து நிலையை எட்டாமலேயே நின்று, வீரரை ஓடுதளத்தின் பக்கமே திருப்பிப் போட்டுவிடும். வளையும் கோலில் குழிக்கும் கைப்பிடிக்கும் இடையிலான நேர்த்தொலைவு 30 விழுக்காடு வரை குறைகிறது. தொலைவு 0.7 மடங்காகும்போது எதிர்ப்பு தோராயமாகப் பாதியாகிவிடும். எனவே உயரமாகப் பிடித்த கோலும் சுழன்று நிமிர்கிறது. அது நிமிர்ந்து நேராகும்போது, அந்த உயரமான பிடியின் முழுப் பயனும் வீரருக்குக் கிடைக்கிறது. கூடவே, விறைப்பான கோல் குழியில் முட்டும்போது தோளிலும் முதுகிலும் இறங்கிய அதிர்ச்சி வெகுவாகத் தணிந்தது. அதனால் ஓடுகின்ற வேகத்தைப் பெரிதும் விட்டுக்கொடுக்காமல், தாழ்ந்த கோணத்தில் எழும்ப முடிந்தது. கோல் சேமித்துத் தந்த ஆற்றலைக் காட்டிலும், அது வீணாகாமல் காத்த ஆற்றலே பெரிது என்பது என் கருத்து.

கோல் வளைந்திருக்கும் நேரத்தில் வீரர் சும்மா தொங்குவதில்லை. உதைத்த காலை நீட்டியவாறே கைகளை மையமாகக் கொண்டு ஆடி, இடுப்பைத் தோளுக்கு மேலே கொண்டுபோய், தலைகீழாக நிமிர்கிறார். ஊஞ்சலில் நிற்பவர் தாழ்ந்த புள்ளியில் எழுந்து நிமிர்ந்து ஆட்டத்தைக் கூட்டுவதுபோல, இங்கும் தசைகளின் வேலை அமைப்புக்குள் புதிதாக ஆற்றலைச் சேர்க்கிறது. கோல் நிமிரத் தொடங்குமுன் உடல் தலைகீழ் நிலைக்கு வந்திருக்க வேண்டும். தாமதித்தால் கோல் அவரை மேல்நோக்கி அல்லாமல், தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பியை நோக்கித் தள்ளிவிடும். கோல் நேரானதும் இழுத்து, திரும்பி, கடைசியாக ஒரு கையால் தள்ளி விலகுகிறார். கோலை அதன் முனையிலிருந்து 5.10 மீட்டரில் பிடித்திருந்தால், குழியின் ஆழம் போக, மேல்கை தரையிலிருந்து 4.90 மீட்டரில்தான் இருக்கும். 6.30 மீட்டர்க் கம்பிக்கு இன்னும் 1.40 மீட்டர் வேண்டும். அது முழுவதையும் இந்தத் தலைகீழ் எழுச்சியும் தள்ளலும்தான் ஈட்டித் தரவேண்டும்.

கோலின் பொருளுக்கோ நீளத்துக்கோ விதிகளில் வரம்பு இல்லை. இன்று அவை கண்ணாடியிழையாலும் கார்பன் இழையாலும் செய்யப்படுகின்றன. இரு முனைகளிலும் தாங்கப்பட்ட கோலின் நடுவில் குறிப்பிட்ட எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்பதைக் கொண்டு விறைப்பை அளக்கிறார்கள். ஒவ்வொரு வீரரும் பல கோல்களுடன் களத்துக்கு வருவது இதனால்தான். கம்பி உயர உயர, வேகம் துணையிருந்தால், விறைப்பு கூடிய கோலுக்கு மாறுகிறார்கள். எதிர்காற்று வீசினால் மென்மையான கோலுக்கு இறங்குகிறார்கள். கம்பியையும் குழியின் முடிவிலிருந்து மெத்தைப் பக்கமாக 80 சென்டிமீட்டர் வரை தள்ளிவைக்கக் கேட்கலாம். தாண்டலின் உச்சப் புள்ளி எங்கே அமையும் என்பதை வீரரும் பயிற்சியாளரும் முன்கூட்டியே மதிப்பிட்டாக வேண்டும். உச்சம் கம்பிக்கு முன்னோ பின்னோ அமைந்துவிட்டால் போதிய உயரம் எழும்பியும் பயனில்லை.

கோலை மாற்றினால் அதற்குப் பழகவே ஒரு முயற்சி செலவாகக்கூடிய ஆட்டத்தில், தொடர்ந்து மூன்று தவறுகளுடன் வெளியேற வேண்டும் என்ற விதி ஒவ்வொரு முடிவையும் கனமாக்குகிறது. உயரம் சமமானால் அந்த உயரத்தில் குறைந்த முயற்சிகளில் தாண்டியவர் முன்னிலை பெறுவார்; அதுவும் சமமானால் மொத்தத் தவறுகள் எண்ணப்படும். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் பிரான்சின் ரெனோ லாவிலெனி ஒரு தவறும் இல்லாமல் 5.98 மீட்டரைத் தாண்டி நின்றார். ஏற்கெனவே தவறுகள் செய்திருந்த பிரேசிலின் தியாகோ பிராஸ் அதே உயரத்தைத் தாண்டினாலும் பின்தங்கியே இருப்பார். எனவே 5.98ஐ விட்டுவிட்டு, அதுவரை 6 மீட்டரை ஒருமுறைகூடத் தாண்டியிராத அவர், அடுத்த உயரமான 6.03ஐ முயலத் தீர்மானித்தார். இரண்டாவது முயற்சியில் தாண்டினார். அதே உயரத்தில் இருமுறை தவறிய லாவிலெனி, எஞ்சியிருந்த ஒரே முயற்சியை 6.08க்கு ஒதுக்கி அதிலும் தவறியபோது தங்கம் பிராசுக்கு உறுதியானது.